காட்சிக்கு முந்திய விசில்

மெரெரிட்டுக்குச் சத்தம் போட வராது. அண்ணன் எம்லின் மலைச்சரிவில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் மேயும் அடுத்த பண்ணை ஆடுகூடத் தலையைத் தூக்கும். அவள் கத்தினால் காலடியில் நிற்கும் நாய்க்கே சந்தேகம் வந்துவிடும், தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று. அதனால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஆடுகளோடு நிற்க வந்த வருடமே வாயில் விசிலை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். தகட்டை மடித்து நடுவில் ஓட்டை போட்ட சின்ன விசில். நாக்கை அதில் எப்படி வைப்பது என்று தெரிந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இடப்பக்கமாகச் சுற்று, வலப்பக்கமாகச் சுற்று, மெதுவாகப் போ, படு.

வேல்ஸ் மலைகளில் ப்ரின் ஹெஸ்க் பண்ணை என்றால் நாய்க்காரர்களுக்குத் தெரியும். அங்கே பிறந்த குட்டிகளை எல்லாம் பழக்கியவள் மெரெரிட். மேய்ப்பு நாய்ப் போட்டிகளில் அவற்றை ஓட்டியவன் எம்லின். கோப்பைகள் அவன் பெயரில் வந்தன. ஓட்டம் முடிந்த ஆடுகள் வெளியேறும் கதவை யார் திறந்து மூடினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மெரெரிட்டுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கதவருகே நின்றால் எல்லா நாயையும் பார்க்கலாம், தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் கற்றதெல்லாம் அப்படிப் பார்த்துக் கற்றதுதான்.

பிறகு எம்லினின் இடுப்பு போயிற்று. மலை ஏற முடியாதவன் மலை மந்தையை வைத்து என்ன செய்வான்? விற்றுவிட்டார்கள். வீட்டைச் சுற்றி மேய ஒரு கைப்பிடி ஆடுகள் மட்டும் நின்றன. காது மந்தமான கிழட்டு நாய் மோட்டுக்கு அது போதும். ஜெஸ்ஸுக்குப் போதவில்லை.

ஜெஸ் மெரெரிட்டின் நாய். கறுப்பு, மார்பில் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். மலை காலியான நாளிலிருந்து அதற்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோழிகளை வளைத்து மூலையில் ஒதுக்கியது. கோழி சலித்ததும் வாளிகளை முறைத்துக்கொண்டு தரையோடு தரையாக ஊர்ந்தது. எம்லின் கைத்தடியோடு அடுப்படியிலிருந்து நாற்காலிக்குப் போனால் அவனையும் பின்னாலிருந்து சுற்றி வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இத பாரு, என்னையே பட்டியில அடைக்குது. இதுக்கு ஒரு வழி பண்ணு புள்ள. வேலையில்லாத நாயும் வேலையில்லாத ஆம்பளையும் ஒரு வீட்டுல இருக்க முடியாது. ரெண்டுல ஒண்ண வெளிய அனுப்பு."

"ஒன்ன யாருண்ணே எடுத்துப்பாங்க?" என்றாள் மெரெரிட்.

"அதான் நாய அனுப்புங்கறேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அது அவளுக்கும் தெரியும். சரி என்றாள். ஆனால் வேலை இருக்கும் இடத்துக்குத்தான் அனுப்புவேன், நாயைத் தெரிந்த கைக்குத்தான் கொடுப்பேன் என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே எம்லினுக்கு ஆச்சரியம்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சந்தை நிலவரம் பார்க்கலாம் என்று எம்லின் வாங்கி, இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டுவிட்டான். மெரெரிட்தான் அதன் முன்னால் உட்கார்ந்தாள். போன் கம்பியை மோடத்தில் சொருகினால் அது கீச்சிட்டு, கனைத்து, ஒரு வழியாக வெளியுலகத்தைப் பிடிக்கும். மேய்ப்பு நாய்க்காரர்கள் கூடும் ஒரு இணையப் பக்கம் இருந்தது. தங்கள் நாய் ஓடுவதைச் சின்னச் சின்ன வீடியோவாக அங்கே போடுவார்கள். தீப்பெட்டி அளவு படம். அழுத்திவிட்டுக் கெட்டிலை அடுப்பில் வைத்துத் திரும்பினால் ஓடத் தொடங்கியிருக்கும். நாய் பாய்ந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஆடுகள் கூழாகும், பிறகு எல்லாம் உறைந்து நிற்கும், மறுபடி பொட்டுப் பொட்டாகச் சேர்ந்து ஓடும். அதற்குள்ளும் நாய்க்காரர்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார்கள். விசிலுக்கும் நாய் படுப்பதற்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி. இருந்தால் அது நாயே இல்லை.

அந்தப் பக்கத்தில் மெரெரிட் ஒரு வார்த்தை எழுதியதில்லை. பார்ப்பதோடு சரி. ஆனால் இஸ்பெல் என்பவள் எழுதுவதை விடாமல் படிப்பாள். இஸ்பெல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் பண்ணைக்காரி. அவள் ஆடுகள் கடற்பாறை விளிம்பில் மேய்பவை. அவளுடைய நாய் வயதாகிச் செத்துப் போயிருந்தது. இன்னொன்று தேடிக்கொண்டிருந்தாள். "அழகு வேண்டாம், பரம்பரை வேண்டாம், சொன்னதும் நிற்கிற நாய் வேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

மெரெரிட் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து இரண்டு வரி எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. ஓட்டிக் காட்டு.

கேமரா அடுத்த பண்ணைக் கெயின்வென் அக்காவுடையது. அவளுடையது என்றால் ஊர்த் தேவாலயச் சபைக்குரியது, அறுவடைப் பாட்டுக் கூட்டத்தைப் படம் பிடிக்க வாங்கியது. உடனே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். எம்லின் கல்சுவரில் சாய்ந்து கேமராவைப் பிடித்தான். மெரெரிட் வயலில் நின்று விசிலை வாயில் வைத்தாள்.

நல்ல ஓட்டம். அவள் உடம்புக்கே அது தெரிந்தது. ஜெஸ் அகலமாகச் சுற்றிப் போய் ஆடுகளின் பின்னால் எழுந்தது, விசில் வாயை விட்டுப் போவதற்குள் படுத்தது. பல நாளாகக் குதித்துக்கொண்டிருந்த அவள் நெஞ்சும் அதோடு கொஞ்சம் படுத்தது.

படத்தை மெரெரிட் கம்ப்யூட்டரில் இறக்கி, சுருக்கி, மெல்ல மேலே ஏற்றினாள். மதியம் முழுக்கப் போன் அதிலேயே கிடந்தது. முடிகிற நேரத்தில் வாசலில் கெயின்வென் நின்றாள், கன்னம் சிவந்து, மூச்சு வாங்கி.

"அடியே, யாராச்சும் செத்துட்டீங்களா? எப்ப அடிச்சாலும் போன் பிசி. எம்லின்தான் போயிட்டானோன்னு பழ ரொட்டிகூட எடுத்துட்டு வந்துட்டேன்."

"ரொட்டிய வச்சிட்டுப் போ," என்றான் எம்லின் உள்ளே இருந்து. "எப்பவாச்சும் சாவேன்."

கெயின்வென் கேமராவையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மெரெரிட், மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க, அந்தப் பக்கத்துக்குப் போய்த் தன் வீடியோவைத் தானே அழுத்தினாள்.

விசில் கேட்டது. ஜெஸ் ஓடிக்கொண்டிருந்தது. விசில் முடிந்தது. ஜெஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, யோசித்துப் பார்த்து மனசு வந்ததுபோல, படுத்தது.

மறுபடி போட்டாள். அதேதான். ஒவ்வொரு விசிலுக்கும் அதேதான்.

"அண்ணே, ஜெஸ் லேட்டாப் படுக்குது."

"என்னது? நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். டக்குனு படுத்துச்சு."

"நீ பைப்ப பத்தவச்சிட்டு நின்னே."

"ஒரு கண்ணு பைப்புல, ஒரு கண்ணு நாயில."

மெரெரிட் அவனை நம்பவில்லை. தன் உடம்புக்குத் தெரிந்ததையும் நம்பவில்லை. கண் முன்னால் ஓடுகிறதே. வயலில் நிற்கும்போது மனசு தன் நாய்க்குச் சாதகமாகத்தானே பார்க்கும்? படத்துக்கு யார்மேல் பாசம்?

அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது. வட இங்கிலாந்து மலையில் ஆடு வளர்க்கும் வில்ஃப் என்பவன் எப்போதும் முதல் ஆளாக எழுதுவான். "வேல்ஸ் நாய்க்கு வேல்ஸ் மொழியில் சொன்னால்தான் கேட்குமோ? இல்லை, காதில் பஞ்சா?" கீழே நாலைந்து பேர் சிரித்திருந்தார்கள். இஸ்பெல் சிரிக்கவில்லை. தனியாக எழுதியிருந்தாள். "நல்ல ஓட்டம்மா. சுற்றிப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் வயல் முடியும் இடத்தில் கடல் தொடங்குகிறது. அவ்வளவு தாமதமாக நிற்கிற நாய் ஆடுகளோடு கீழே போய்விடும். மன்னித்துக்கொள்."

ஜெஸ் போகப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் உள்ளே ஏதோ துள்ளிய வேகத்தைப் பார்த்து மெரெரிட்டுக்கே வெட்கமாகிவிட்டது. அதோடு ஒரு அவமானமும் தைத்தது. தான் பழக்கிய நாய்க்குக் காது கேட்கவில்லை என்கிறார்கள்.

மறுநாளிலிருந்து வயலில் வேறு மெரெரிட் நின்றாள். படு என்று விசில் கொடுத்ததும் நிறுத்தாமல் இன்னொரு முறை கொடுத்தாள், முன்னதைவிடக் கடுமையாக. முதல் விசிலுக்கே படுத்துவிட்ட ஜெஸ்ஸுக்கு இரண்டாவது எதற்கென்று புரியவில்லை. இன்னும் தட்டையாகப் படுத்துப் பார்த்தது. மூன்றாவது வந்ததும் எழுந்து பார்த்தது. பிறகு, அது செய்யவே செய்யாத ஒன்றைச் செய்தது. ஆட்டை விட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது. கண்ணை ஆட்டிலிருந்து எடுக்கிற நாய் பாதி கெட்ட நாய். மெரெரிட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்குப் போனாள், வாசலில் ஜெஸ் சுவரோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"கேமராவ இன்னொரு தரம் கேளு," என்றான் எம்லின். "எடுத்துப் பாரு. எனக்கு இந்த நடைய பாத்தே இடுப்பு வலிக்குது."

இரண்டாம் முறை எடுத்தபோது வயலின் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு கெயின்வென் வந்துவிட்டாள். ஓட்டம் பாதியில் இருந்தது. கதவைப் பின்னால் அறைந்து சாத்திவிட்டு, "என்னடி, இன்னமுமா முடியல? சாயந்தரம் சபையில கேமரா வேணும்டி!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். வெட்டி ஒட்டுவதெல்லாம் மெரெரிட்டுக்குத் தெரியாது. அப்படியே ஏற்றினாள், அப்படியே பார்த்தாள்.

கெயின்வென் கதவைத் திறந்துகொண்டு வந்துகொண்டிருந்தாள். படார் என்று கதவு அறைந்தது. கதவோ அகலத் திறந்து கிடந்தது. "என்னடி, இன்னமுமா முடியல" என்றாள் கெயின்வென், வாயை இறுக மூடிக்கொண்டு. குரல் முழுதும் ஓய்ந்து, கதவும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்ட பிறகு அவள் வாய் திறந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் ஆவேசமாக அசைந்தது.

கெயின்வென் வாயை மூடிக்கொண்டு இருந்ததை மெரெரிட் வாழ்நாளில் பார்த்ததில்லை. சிரிப்பு பொங்கி வந்தது. எம்லினைக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

திரும்பப் போட்டாள். கதவின் சத்தம் முதலில், கதவு பிறகு. விசில் முதலில், நாய் பிறகு. இரண்டுக்கும் ஒரே இடைவெளி. சத்தம் லேசு, நழுவி வந்துவிடுகிறது. படம் கனம், பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. ஜெஸ் ஒருநாளும் தாமதிக்கவில்லை.

அவள் வெளியே ஓடினாள். ஜெஸ் சுவரோரத்தில் நின்று, வருவது யார், புது மெரெரிட்டா பழைய மெரெரிட்டா என்று பார்த்தது. சேற்றில் மண்டியிட்டு அதன் மடிந்த காதைப் பிடித்துக்கொண்டாள். கெட்டுப்போன நாய் என்று நினைத்து இத்தனை நாளும் கெடுத்தது அவள்தானே.

உள்ளே வந்து இரண்டாவது வீடியோவை அந்தப் பக்கத்திலிருந்து அழித்துவிட்டாள். யாரும் பார்த்திருக்கவில்லை. எம்லினிடமும் சொல்லவில்லை.

சொன்னால் ஜெஸ் போய்விடும். சொல்லாவிட்டால் காது கேட்காத நாயை யார் கேட்கப் போகிறார்கள்? எம்லினே இறங்கி வந்துவிட்டான். "விடு, கெடக்கட்டும். ரெண்டு செவிடும் ஒரு முடவனும் சேந்து இருப்போம்" என்றான் மோட்டையும் ஜெஸ்ஸையும் பார்த்து. அவள் தலையாட்டினாள். ஒரு விசிலுக்கு ஒரு முறைதான் என்று பழையபடி ஜெஸ்ஸை ஓட்டினாள். சில நாளில் அது முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியது. எல்லாம் சரியாகிவிட்டது. அவளுக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வில்ஃப் இப்போது தாமதமாக நிற்கும் எந்த நாயையும் "ப்ரின் ஹெஸ்க் நாய்" என்று எழுதத் தொடங்கியிருந்தான்.

ஒரு நாள் காலை பள்ளிக்கூட வேன் கீழ்ச்சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. மெரெரிட் ஓடிப் பார்த்தாள். வேனுக்கு முன்னால் நடுச்சாலையில் ஜெஸ் படுத்திருந்தது, சக்கரத்தையே முறைத்தபடி. உள்ளே பிள்ளைகள் கைதட்டிக் கூத்தடித்தார்கள்.

"ஏம்மா, இது நாயா என்னா?" டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "பின்னால எடுத்தா பின்னால வருது, முன்னால எடுத்தா அசைய மாட்டேங்குது. வளைவுல கொஞ்சம் வேகமா வந்திருந்தேன்னா இந்நேரம் கூழாயிருக்கும்."

மெரெரிட் ஒரே ஒரு விசில் கொடுத்தாள். ஜெஸ் எழுந்து அவள் காலடிக்கு வந்தது. வேன் போயிற்று. அவள் சாலையிலேயே நின்றாள். ஜெஸ்ஸின் விலா அவள் முட்டியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். எத்தனையோ நாளுக்குப் பிறகு அதற்கு நகர்கிற ஒன்று கிடைத்திருந்தது.

அன்றைக்கு எழுதினாள், எல்லாரும் படிக்கும் இடத்திலேயே. "என் நாய்க்குக் காது கேட்கும். படம்தான் சத்தத்துக்குப் பின்னால் வருகிறது. கதவு சாத்துவதைப் பார்த்துக் கண்டுகொண்டேன். கண்டுகொண்டும் பல நாள் சொல்லாமல் இருந்தேன், நாயைப் பிரிய மனமில்லாமல். உங்கள் நாய்களையும் இப்படித்தான் தப்பாகப் பேசியிருக்கிறோம். மெரெரிட் ப்யூ, ப்ரின் ஹெஸ்க்." அனுப்பிவிட்டுப் போன் கம்பியைப் பிடுங்கிவிட்டு, யாரோ துரத்துவதுபோல மலையேறிப் போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தபோது வில்ஃப் எழுதியிருந்தான். "சாக்குக்குப் பஞ்சமில்லை." இஸ்பெல் கேட்டிருந்தாள். "வாளி இருக்கிறதா உன்னிடம்? நாயை ஓட்டும்போது நடுநடுவே கையை ஓங்கி வாளியில் அடி. கை எனக்குத் தெரிய வேண்டும்."

அப்படியே எடுத்தார்கள். "இத பாத்தா நாய்க்குக் காது கேக்குதுன்னு நம்புவாங்க, ஒனக்குப் புத்தி இல்லன்னும் நம்புவாங்க" என்றான் எம்லின், கேமராவுக்குப் பின்னாலிருந்து. அது போய்ச் சேர்ந்து, இஸ்பெல் பார்த்து முடித்த சாயங்காலம் போன் அடித்தது.

"மெரெரிட்டா? நான் இஸ்பெல். உன் கை வாளியில படுறதுக்கு முன்னாடியே வாளி சத்தம் போடுதும்மா. பேய் வாளி. நாயும் அதே அளவுதான் பின்னால வருது, ஒரு இம்மி கூடுதலும் இல்ல. இத மாதிரி படுக்கற நாய நான் பாத்ததில்ல. எனக்குக் குடு."

மெரெரிட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எம்லின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"உன் விசில் எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் ஊதிப் பதிவு பண்ணி இன்டர்நெட்லயே போட்டுவிடு. நான் கத்துக்கறேன். நாய ரயில்ல ஏத்திவிடு, படகுத்துறையில வாங்கிக்கறேன்."

"வேண்டாம்," என்றாள் மெரெரிட். தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டது அவளுக்கே புதிது. "விசில் அதுல எப்படி வந்து சேருமோ. ஜெஸ்ஸ நானே கூட்டிட்டு வர்றேன். நானே ஊதிக் காட்டுறேன்."

போனை வைத்ததும் எம்லின் கேட்டான். "ஆர்க்னிக்கா? நீயா? நீ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற சந்தைக்கே என் பின்னால ஒளிஞ்சிட்டு வருவ."

"ஆமா. நீ அங்க வரமாட்டியே, ஒளியறதுக்கு."

ரயிலிலும் படகிலும் ஜெஸ் அவள் காலுக்கடியில் கிடந்தது. இஸ்பெல் அந்த இணையப் பக்கத்துப் போட்டோவில் இருந்ததைவிடக் குள்ளம், குரலோ எம்லினைத் தோற்கடிக்கும். அவளுக்கு விசில் சரியாக வரவில்லை. "உன் விசில்ல பாட்டு இருக்கும்மா. நான் ஊதினா கெட்டில் கொதிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் ஊதினார்கள். இஸ்பெல்லின் பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. வயலில் முதல் நாள் ஜெஸ் அவளை மதிக்கவே இல்லை. இரண்டாம் நாள் பாதி மதித்தது. இஸ்பெல் பொறுமையாக, ஒரு விசிலுக்கு ஒரு முறைதான் ஊதினாள். அதைப் பார்த்துத்தான் மெரெரிட்டுக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்த நாள் கடற்பக்க வயலுக்குப் போனார்கள். ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி விளிம்பை ஒட்டி நின்றன. அவற்றுக்குக் கீழே அலை பாறையில் மோதும் சத்தம் மட்டும் வந்தது. இஸ்பெல் ஜெஸ்ஸை அனுப்பினாள். அது சுற்றிப் போனது. நடுவில் ஒரு கிடா மிரண்டு விளிம்பை நோக்கித் திரும்பியது. ஜெஸ் அதை முந்தி மடக்கப் பாய்ந்தது. பாய்கிற வேகத்துக்கு முன்னால் நிலம் தீர்ந்துகொண்டிருந்தது.

மெரெரிட்டின் வாயில் அவளுடைய விசில் இருந்தது. நாக்கும் மேலெழுந்துவிட்டது. ஊதினால் ஜெஸ் நிற்கும், அதில் சந்தேகமே இல்லை. ஊதினால் அது என்றைக்கும் இஸ்பெல்லுக்காக நிற்காது, அதிலும் சந்தேகமில்லை. அவள் ஊதவில்லை.

இஸ்பெல் ஊதினாள். கெட்டில் கொதிக்கிற மாதிரிதான்.

ஜெஸ் அப்படியே புல்லில் ஒட்டிக்கொண்டது. கிடா விளிம்பில் நின்று ஒரு கணம் கடலைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பி மந்தைக்கு நடந்தது. ஜெஸ் கண்ணை அதன் மேலிருந்து எடுக்கவே இல்லை.

இஸ்பெல் மூச்சு விட்டாள். "பாத்தியா அதை?"

"பாத்தேன்." மெரெரிட் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். நாக்கில் இரும்பு ருசி. நெஞ்சுக்குள் ஒரு பக்கம் விம்மியது, இன்னொரு பக்கம் யாரோ பிடுங்கியதுபோல வலித்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இனி நீ என்ன பண்ணப்போற?" என்றாள் இஸ்பெல்.

"தெரியல. அடுத்த படகு எப்போ?"

"நாளைக்குக் காலையில. காத்து இப்படியே அடிச்சா போகாது. குட்டி போடற நேரம் வேற, எனக்குக் கை பத்தாம கெடக்கு."

மெரெரிட் கடலைப் பார்த்தாள். அலைகள் வெள்ளைத் தலையைத் தூக்கி ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப காத்து அடிக்கட்டுமே," என்றாள்.